ஆர்பிட்ரேஷன் கிளாஸ் எத்தனை மணிக்கு?

அன்று அந்த மாடி அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நடுவராக உட்கார்ந்த ஓய்வுபெற்ற சார்பு நீதிபதி. எனக்குப் பணம் தரவேண்டிய பேண்டேஜ் துணி வியாபாரி. அவருடைய கணக்குகளைப் பார்க்கும் ஆடிட்டர். பேசுவதையெல்லாம் டைப் அடிப்பதற்காகக் கீழ்க்கடையிலிருந்து ஏறி வந்த அக்கா. என் வீட்டுக்காரர். நான். இவர்கள் போக, மேஜையின் நடுவில் பிரிக்காத அரைக் கிலோ பால்கோவா இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாங்கிக் கொடுத்தது நான்தான்.

ஆட்களை இப்படி வரிசையாக எழுதும் பழக்கம் அந்த விசாரணையில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு அமர்வின் குறிப்பும் யார் யார் வந்திருந்தார்கள் என்றுதான் தொடங்கும். 'உள்ளேன் ஐயா' சொல்வதை ஒன்பதாம் வகுப்பில் மூன்று மாதத்தோடு விட்டவள் நான். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி, அவள் ஓட்டிய தறி சும்மா நின்றது. ஒரு மாதத்துக்கு மட்டும் என்றார்கள். நானும் புத்தகங்களுக்கு அட்டையெல்லாம் போட்டு எடுத்து வைத்துவிட்டுத்தான் தறிக்குப் போனேன்.

இப்போது ராஜபாளையத்தில் எங்களுக்கென்று ஆறு தறி இருக்கிறது. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணியை நெய்து கொடுக்கிறோம். எட்டு வருஷமாக ஒரே வியாபாரிக்குத்தான். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பில் எழுதுவதற்கு முன்னாலேயே பணம் கொடுத்த நாளெல்லாம் உண்டு. அப்படிப்பட்டவர் ஒரு லோடுக்கு மட்டும் பணத்தை நிறுத்திவிட்டார். துணியில் இழை குறைகிறது, அங்குலத்துக்கு இத்தனை இழை என்று சொன்னபடி இல்லை என்றார். நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். தறிகள் பேங்க் கடனில் வாங்கியவை. மூன்று தவணை நின்றதும், இரண்டு தறியையாவது விற்று அடையுங்கள் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். ஒருவர் வந்து ஐந்தாவது தறியையும் ஆறாவது தறியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்து, போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். அந்த இரண்டு தறியையும் ஓட்டும் பெண்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

எனக்குப் பயம் கூடப்பிறந்தது. சிலிண்டரை மூடினேனா என்று பார்க்கப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவேன். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனா எழுதாமல் போனால் என்ன செய்வதென்று எப்போதும் பையில் மூன்று பேனா இருக்கும். கோர்ட் இருக்கிற தெருவில்கூட எதிர் ஓரமாகத்தான் நடப்பேன். இருந்தும் வேறு வழி தெரியாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன்.

அவர் பில்லையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, அண்ணாச்சி கொடுத்த ஆர்டர் படிவத்தைத் திருப்பினார். பின்பக்கம் பொடிப்பொடியாக இங்கிலீஷ். எட்டு வருஷமாக நான் முன்பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே தவிர, பின்பக்கத்தைப் பார்த்ததில்லை.

"இதுல ஆர்பிட்ரேஷன் கிளாஸ் இருக்கேம்மா. நேரா கேஸ் போட்டா அதைக் காட்டியே நிறுத்திருவாங்க. மொதல்ல அந்தக் கிளாஸ் வழியாப் போயிட்டு வாங்க" என்றார். அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

எனக்குப் புரிந்தது இதுதான்: கேஸ் போடுவதற்கு முன்னால் ஒரு கிளாஸுக்குப் போய்விட்டு வரவேண்டும். அது எனக்கு விசித்திரமாகவும் படவில்லை. தறி வாங்கக் கடன் கேட்டபோது பயிற்சி வகுப்புக்கு அனுப்பி, சான்றிதழைப் பார்த்துவிட்டுத்தான் பணமே கொடுத்தார்கள். இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்தேன்.

வெளியே வேப்பமர நிழலில் நின்றிருந்த வீட்டுக்காரர், "என்னட்டி சொன்னாரு?" என்றார்.

"கிளாஸுக்குப் போகணுமாம்."

"கேஸ் போடதுக்குக் கிளாஸா? பரிச்சை வச்சு பெயிலாக்கிட்டாம்னா நாலு லட்சமும் போச்சா?"

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கோ அதுவே பயமாக இருந்தது.

எதிரே ஜெராக்ஸும் டைப்பும் செய்கிற கடை. இருபது வருஷத்துக்கு மேலாகக் கோர்ட்டுக் காகிதங்களை அடித்துக்கொண்டிருக்கிற அக்கா ஒருவர் நடத்துகிறார். தலையெழுத்தை நொந்துகொண்டே போய்க் கேட்டேன்.

"அக்கா, இங்க ஆர்பிட்ரேஷன் கிளாஸ் எங்க நடக்குது? எத்தனை மணிக்கு?"

நகல் எடுக்க நின்ற கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அக்கா என் கையிலிருந்த படிவத்தை வாங்கித் திருப்பிப் படித்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"ஒமக்கு என்னவே சிரிப்பு? நீரு படிச்ச காலேஜ்ல இதுக்குக் கிளாஸ் வச்சிருந்தா, போன வாரம் அந்த நோட்டீஸை மூணு தடவை மாத்தி மாத்தி அடிக்கச் சொல்லியிருப்பீரா?"

அவர் சிரிப்பு நின்றது. அக்கா என் பக்கம் திரும்பி, "சனிக்கெழம மூணு மணிக்கு. இங்கதான். நோட்டு ஒண்ணு கொண்டு வாங்க" என்றார்.

நோட்டு வாங்கினேன். அட்டையும் போட்டேன். சனிக்கிழமை ஒன்றரை மணிக்கே போய்க் கடை வாசலில் நின்றேன். வேறு மாணவர்கள் யாரும் வராததைப் பார்த்து, தேதி மாறி வந்துவிட்டோமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமைதான் அக்கா அந்த இரண்டு வார்த்தைகளையும் இங்கிலீஷில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினார். மேலே இருப்பது பள்ளிக்கூடத்து வகுப்பு. கீழே இருப்பது ஒப்பந்தத்தில் வரும் ஷரத்து. சண்டை வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம் போவோம் என்று இரண்டு பேரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட வரி. நம் வாயில் இரண்டுமே கிளாஸ்தான்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களாக்கும்."

வந்திருக்க மாட்டேன். அது எனக்கே தெரியும்.

அக்காவிடம் நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் தமிழ்ப் பிரதி ஒன்று இருந்தது. ஓரமெல்லாம் மடங்கிய பழைய ஜெராக்ஸ். அதை அவர் படிப்பார், நான் எனக்குப் புரிகிற மாதிரி எழுதிக்கொள்வேன். மத்தியஸ்தம் என்றால் நாலு பேர் உட்கார்ந்து சமாதானம் பேசுவது, பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"அது வேற. இதுலயும் பேசி முடிச்சுக்கிடலாம், வேண்டாங்கல. முடியலைன்னா அவரு எழுதுறதுதான் தீர்ப்பு. கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரியே நிக்கும். பொறவு எனக்குப் பிடிக்கலைன்னு துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு வர முடியாது."

"அப்ப அந்த எழுதுற ஆளு யாருன்னு பாக்கணும்லக்கா?"

"இப்பதான் நீங்க கிளாஸுக்கு வந்திருக்கீங்க" என்று அக்கா படிவத்தை என் முன்னால் வைத்தார். பின்பக்கத்துக் கடைசி வரி சொன்னது: தகராறு வந்தால் அண்ணாச்சியின் ஆடிட்டரே நடுவர்.

அன்று பஸ்ஸில் கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் நின்றபடி, எங்கள் தறிகள் போய்விட்டன என்றே முடிவு கட்டினேன். அடுத்த வாரம்தான் பன்னிரண்டாவது பிரிவு வந்தது. ஒரு தரப்பிடம் வேலை பார்க்கிறவர், ஆலோசனை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர் நடுவராக உட்காரக் கூடாது. நடுவர் மேல் சந்தேகம் வரும்படி எது இருந்தாலும், சின்ன விஷயமானாலும், அவரே முன்வந்து சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒன்று: தகராறு வந்த பிறகு, பரவாயில்லை அவரே இருக்கட்டும் என்று இரண்டு தரப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், உட்காரக் கூடாதவரும் உட்காரலாம். அந்த வரியை அக்கா என்னை மூன்று தடவை எழுதச் சொன்னார்.

ஆடிட்டர் வேண்டாம், வேறு ஆளைப் போடுவோம் என்று அக்கா அடித்துக் கொடுத்த நோட்டீஸை அனுப்பினேன். நான்காம் நாள் அண்ணாச்சியே ஸ்கூட்டரில் தறிக்கு வந்துவிட்டார். சத்தத்தில் பேச்சு கேட்காது என்று வாசல் பக்கத்துத் தறி இரண்டை நிறுத்தச் சொன்னேன்.

"என்ன தாயி, வீட்டுக்காரன் எங்க?"

"நூல் எடுக்கப் போயிருக்காவ அண்ணாச்சி."

"நோட்டீஸெல்லாம் வருது. நமக்குள்ள என்னத்துக்கு இதெல்லாம்? ஆடிட்டர் படிச்ச மனுசன், ஒரு வாரத்துல முடிச்சு விட்ருவாரு. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடு, போதும்."

நான்கு வரிக் காகிதம். ஆடிட்டர் நடுவராக இருப்பதில் இருவருக்கும் சம்மதம். கீழே அண்ணாச்சியின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. எட்டு வருஷப் பழக்கத்தில் என் கை தானாகப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டது. அப்போதுதான் மூன்று தடவை எழுதிய வரி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"இதைப் போட மாட்டேன் அண்ணாச்சி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "அவரு ஒங்ககிட்ட சம்பளம் வாங்குதாரு. அவரு ஒக்காரக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. நான் இதுல கையெழுத்துப் போட்டாத்தான் ஒக்காரலாம். அதுனால போட மாட்டேன்."

"யாரு சொன்னா ஒனக்கு?"

"பன்னெண்டாவது பிரிவு."

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எப்பத் தாயி இதெல்லாம் படிச்ச?"

"சனிக்கெழம சனிக்கெழம படிக்கேன்."

கத்துவார் என்று நினைத்தேன். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் காகிதத்தின் அர்த்தம் அவருக்கே முழுசாகத் தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. யாரோ எழுதிக் கொடுத்தார்கள், கொண்டுவந்தார். என்னைப் போலத்தான். "சரி, அப்ப யாரைப் போடுவோம்?" என்று கேட்டு, அவரே ஒரு பெயரையும் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற ஓய்வுபெற்ற சார்பு நீதிபதி. "அவரு கோர்ட்ல ஒரு கேஸ்ல நான் தோத்திருக்கேன். தோத்தாலும் சொல்லுதேன், நேர்மையான ஆளு."

அக்காவிடம் கேட்டேன். நல்லவர்தான், ஒத்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு தரப்பும் எழுதிக் கொடுத்தோம். நடுவரின் பீஸையும் டைப் கூலியையும் பாதிப் பாதி ஏற்றுக்கொண்டோம். அமர்வுக்குக் கடை மாடியே இடமானது.

இனி என் பிழை. முதல் அமர்வுக்கு முந்தின நாள், நோட்டீஸின் நகலைக் கொடுப்பதற்காக நானும் வீட்டுக்காரரும் நடுவர் வீட்டுக்குக் கிளம்பினோம். "நமக்காக வந்து ஒக்காருத மனுசன். வெறுங்கையோடயா போக?" என்றார் அவர். எனக்கும் அதுதான் முறை என்று பட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு முடித்துவைக்க வருகிறவர்களுக்குக் காபியும் இனிப்பும் கொடுக்காமல் பேச்சையே தொடங்க மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அரைக் கிலோ பால்கோவா வாங்கினோம். நடுவர் வீட்டில் இல்லை. அவருடைய வீட்டம்மா வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். நிம்மதியாக இருக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நோட்டைப் பிரித்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: நடுவர் மேல் சந்தேகம் வரும்படி எது இருந்தாலும், சின்ன விஷயமானாலும். ஆடிட்டரைத் தடுக்க அந்தப் பிரிவைப் பிடித்துத் தொங்கிய நான், அது எனக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது என்று யோசிக்கவே இல்லை.

"எறங்கிருவோமா? திரும்பிப் போயிருவோமா?" என்றேன்.

"எங்கட்டி எறங்க? கோவாவைத் திரும்பக் கேக்கவா?" என்றார் வீட்டுக்காரர். ஆனால் அவர் முகமும் செத்துப் போயிருந்தது.

மாடி அறையில் எல்லோரும் உட்கார்ந்ததும், நடுவர் தன் பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும். நேத்து இந்தம்மா எங்க வீட்டுல இதைக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. நான் அப்ப இல்லை. பிரிக்கலை. எதிர்த்தரப்புக்கு இதனால என் மேல சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லலாம். நான் விலகிக்கிறேன்."

அவர் விலகினால் வேறு ஆளைத் தேட வேண்டும். அதற்குச் சம்மதம், கடிதம், தேதி. பேங்க் சொன்ன கெடுவுக்கு ஐந்து வாரம்தான் மிச்சம். ஆடிட்டர் சாய்ந்து அண்ணாச்சியின் காதில் என்னவோ சொன்னார். அண்ணாச்சி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பொட்டலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அரைக் கிலோதானா தாயி?"

வீட்டுக்காரர்தான், "ஆமா அண்ணாச்சி" என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல.

"அய்யா, நாலு லட்ச ரூவாய்க்கு அரைக் கிலோ பால்கோவாவுல சாயிறவரா இருந்தா, அன்னைக்கு நான் தோத்த கேஸ்ல செயிச்சிருப்பேன்லா. எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல. எழுதிக்கோங்க."

நடுவர் சிரிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல அக்கா அடித்தார்: உரிமை கோருபவர் தரப்பு கொடுத்த அரைக் கிலோ பால்கோவா அமர்வில் தெரிவிக்கப்பட்டது, எதிர்த்தரப்புக்கு ஆட்சேபம் இல்லை, பொருள் திருப்பி அளிக்கப்பட்டது. அடித்துக்கொண்டே தலையைத் தூக்காமல் என்னிடம், "நோட்டுல எழுதினது யாருக்காம்?" என்றார் மெதுவாக.

அந்தப் பக்கத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. பீரோவில் தறிப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். அண்ணாச்சி அன்று ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் என் தறிகள் போயிருக்கும். சொல்வதற்கு அவருக்கு உரிமையும் இருந்தது. அதைப் படித்துத் தெரிந்தவள் என்பதால் அவருடைய அந்த ஒரு வரியின் மதிப்பு எனக்குத் தெரியும்.

இரண்டாவது அமர்வுக்கு இரண்டு தரப்பும் துணியைக் கொண்டுவரச் சொன்னார் நடுவர். ஒவ்வொரு ரோலிலும் தறி எண் எழுதிய சீட்டு இருக்கும். இழை எண்ணும் சின்னக் கண்ணாடியைத் துணி மேல் வைத்து முதலில் அண்ணாச்சியை எண்ணச் சொன்னார். பிறகு என்னை. பிறகு அவரே குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். கோர்ட்டில் ஒரு நீதிபதி எனக்காக இப்படிக் குனிந்து இழை எண்ணியிருப்பாரா என்று தெரியவில்லை. ஐந்து தறித் துணியில் மூன்று பேருக்கும் ஒரே எண், சொன்னபடி சரியாக இருந்தது. நான்காவது தறித் துணியில் அங்குலத்துக்கு இரண்டு இழை குறைந்தது.

அந்தத் தறியில் ஒரு வாரம் பாவு, அதாவது நெடுக்கு நூல், சரியில்லை என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. "குறையுது அய்யா" என்றேன். ஆடிட்டர் நிமிர்ந்து பார்த்தார். அதைச் சொன்னபோதுதான் பல மாதமாக நெஞ்சுக்குள் கிடந்த கல் நகர்ந்தது. மற்ற ஐந்தும் சரி என்று அண்ணாச்சியும் அதே மூச்சில் ஒத்துக்கொண்டார்.

அப்புறம் சண்டை போட என்ன இருக்கிறது? நான்காவது தறித் துணிக்கு உண்டான அறுபத்திரண்டாயிரத்தைக் கழித்து, மிச்சம் மூன்று லட்சத்து ஐம்பதாயிரத்தை மாதம் முப்பத்தைந்தாயிரமாகப் பத்துத் தவணையில் கொடுப்பது என்று பேசி முடித்தோம். பேசி முடித்ததையும் தீர்ப்பாகவே எழுதித் தரலாம் என்று படித்திருந்ததால், "அய்யா, அப்படி எழுதித் தருவீங்களா?" என்று கேட்டேன். நடுவர் அக்காவைப் பார்த்தார். "இவங்களும் ஒங்க கடையில டைப் படிக்கிறாங்களோ?" என்றார். அக்கா, "கிளாஸுக்கு வாராங்க சார்" என்றார்.

அந்தத் தீர்ப்பின் நகலையும் முதல் தவணையையும் பேங்கில் காட்டினேன். மேனேஜர் இரண்டு முறை படித்துவிட்டு, தறிகளை விற்க வேண்டாம் என்றார். ஐந்தாவதும் ஆறாவதும் இதை எழுதும்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. திரும்பி வந்த நான்காவது தறித் துணியை மில்லில் மெஷின் துடைக்கும் துணியாகக் கிடைத்த விலைக்குப் போட்டேன். பால்கோவாவை வீட்டுக்காரர் பஸ்ஸிலேயே பிரித்துவிட்டார்.

தீர்ப்பை எதிர்த்து மூன்று மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போகலாம் என்றும் ஒரு பிரிவு உண்டு. அக்கா அதைச் சொல்லிக் கொடுக்காமலே இருந்திருக்கலாம். காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தேன். கடைசி வாரத்தில் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தபோது, எடுப்பதற்கு முன்னால் கீழே உட்கார்ந்துகொண்டேன்.

"என்ன தாயி, லோடு ஒண்ணு வேணும். எப்ப தருவ? நாலாந் தறிய மட்டும் பாத்துக்கோ."

புது ஆர்டர் படிவத்தை வாங்கியதும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பினேன். ஆடிட்டரே நடுவர் என்ற வரி போயிருந்தது. இருவரும் ஒத்துக்கொள்ளும் நடுவர் என்று இருந்தது. இப்போது பக்கத்துத் தறிக்காரர்களும் படிவத்தைக் கொண்டுவந்து, "பின்னால என்ன போட்டிருக்கு, பாருங்க" என்கிறார்கள். எனக்குத் தெரியாததைச் சனிக்கிழமை கேட்டு வந்து சொல்கிறேன். கிளாஸுக்குப் பீஸ் எம்புட்டு என்று அக்காவிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "பரிச்சை எழுதினாத்தான் பீஸு" என்கிறார்.

ஒன்பது தவணை தேதி தப்பாமல் வந்தது. பத்தாவது தவணைக்கு இரண்டு நாள் முன்பே அண்ணாச்சி கூப்பிட்டு, "இந்த மாசம் இருவதுதான் தாயி முடியும். செத்தப் பொறுத்துக்கோ" என்றார். தவணை தவறினால் என்ன செய்யலாம் என்று தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். "சரி அண்ணாச்சி, மெதுவா தாங்க" என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்து எழுதி வைத்தேன். அன்று சிலிண்டரைக்கூட ஒரு தடவைதான் பார்த்தேன்.

இன்னும் வரவேண்டியது பதினைந்தாயிரம் ரூபாய்.